தேவனாம்பட்டினத்துக்கு மட்டும் போகாதே

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் அம்மாவுக்கு மூட்டு வலி, எனக்கு வாய்க்கொழுப்பு. இரண்டும் குறையவில்லை, மற்றபடி இருக்கிறோம். சிதம்பரத்தில் நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஆபீஸ் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தெருவில் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதாகவும், பழைய கேமரா ஒன்று வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். எப்படி ஆரம்பிப்பது, எப்படித் தேறுவது என்று கேட்கிறாய். பொங்கல் லீவுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு கடலூர் வருகிறேன், விடியற்காலையில் தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதை எடுத்து முதல் ரோலைத் தொடங்கப் போகிறேன் என்கிறாய். கடைசியில், "கல்யாணப் படங்கள் எல்லாம் ஆடிப்போயிருக்கின்றனவே அப்பா, மாமா கேலி செய்கிறார்" என்று ஒரு குத்தல் வேறு. உன் மாமனார் கேலி செய்யட்டும், அவருக்கு உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. லீவில் வந்து நீ எங்கே வேண்டுமானாலும் போ, தேவனாம்பட்டினத்துக்கு மட்டும் போகாதே. காரணத்தை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் உன் ஆசையில் கொஞ்சம் மண்ணைப் போடுகிறேன், அப்பன் வேறெதற்கு இருக்கிறேன். தெருவில் எடுக்கிற படத்தை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். நம் வீட்டில் உலை கொதித்தது ஸ்டுடியோவால். கல்யாண ஜோடி, வயதுக்கு வந்த பெண், பாஸ்போர்ட்டுக்கு முறைத்துக்கொண்டு நிற்கிற ஆள், நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பிணம், இவர்கள்தான் உன்னைப் படிக்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துறைமுகத்திலும் மஞ்சக்குப்பத்திலும் நெல்லிக்குப்பம் கரும்பு வண்டிகளுக்குப் பின்னாலும் அலைந்து எடுத்த படங்கள் பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன. பத்திரிகைக்கு அனுப்பினேன், "இதில் என்ன விசேஷம்?" என்று கேட்டுத் திருப்பினார்கள். உப்புக் காற்றில் நெகடிவ் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. போன மாதம் ஒரு சுருளைப் பிரித்தேன், கெடிலம் பாலத்தில் நடந்துபோன அத்தனை பேருக்கும் முகத்தில் அம்மை போட்டிருந்தது. இதுதான் இந்த வேலையின் முடிவு. தெரிந்துகொண்டு இறங்கு.

இறங்கத்தான் போகிறாய், என் பிள்ளைதானே. அப்படியானால் கேள். ஒரு மாதத்துக்கு கேமராவில் பிலிம் போடாதே. பிலிம் கிடைக்கிற கிடைப்பில் அது புத்திசாலித்தனமும்கூட. வெறும் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழவீதியில் தினமும் ஒரே இடத்தில் போய் நில். தூரத்தைப் பத்தடிக்கு வைத்துக்கொள், அதை மாற்றாதே. பத்தடி என்றால் எவ்வளவு என்று உன் காலுக்குத் தெரிய வேண்டும். ஆள் வந்து சேர்ந்த பிறகு லென்ஸைத் திருகிக்கொண்டு நின்றால் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். முதல் வாரம் எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் கேலி செய்வார்கள். அதற்கப்புறம் நீ தந்திக் கம்பம் ஆகிவிடுவாய், அன்றைக்குப் பிலிம் போடு. நான் இந்தப் பொறுமை இல்லாமல் ஆரம்பித்தவன். துறைமுகத்து மீன் மார்க்கெட்டில் ஒளிந்து ஒளிந்து எடுத்தேன். ஒரு அம்மாள் மீன் கழுவின தண்ணீரை அப்படியே என் சட்டையில் கொட்டி, "என்னா சார், பொட்டிய வச்சிக்கிட்டுத் திருட்டுப் பூனையாட்டம் பாக்குற? மொறையா நின்னு எடு, நாங்க என்னா வேணாம்னா சொல்றோம்?" என்றாள். அவள் சொன்னதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சட்டையை உன் அம்மா வீட்டுக்குள் விடவில்லை.

வெளிச்சம் பற்றிக் கேட்டிருக்கிறாய். கடலூரில் வெளிச்சம் கடலிலிருந்து வருகிறது, காலையில் முகத்துக்கு நேராக விழும். சிதம்பரத்தில் நான்கு வீதிக்கும் நான்கு வெளிச்சம். காலையில் மேலவீதி, சாயங்காலம் கீழவீதி. உச்சி வெயிலில் எடுக்காதே, தலையில் துண்டு போட்டவன் முகமெல்லாம் கரியாகப் போகும். இதெல்லாம் நீயே கற்றுக்கொள்வாய். கற்றுக்கொள்ளக் கஷ்டமானது கட்டம். அந்தச் சதுரக் கட்டத்துக்குள் எதை வைக்கிறாய் என்பது பாதி வேலை, எதை வெளியே விடுகிறாய் என்பது மீதி. வெளியே விட்டதைப் பார்க்கிறவர்கள் தங்கள் மனத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் எதைப் போட்டுக்கொள்வார்கள் என்பது உன் கையில் இல்லை. இதை நான் ரொம்ப தாமதமாக, ரொம்ப மோசமாகத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையைத் தூக்கி வேண்டாம் என்கிறவனை எடுக்கமாட்டேன். தேவனாம்பட்டினத்தில் தேசிங்கு என்று ஒருவன். கட்டுமரத்தில் போவான், இல்லாத நாளில் கரைவலை இழுப்பான். ஒருநாள் காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஈர மணலில் நடந்து வந்தான். வெளிச்சம் அவன் மேல் அப்படி விழுந்தது, எனக்குக் கை பரபரத்தது. குனிந்து, கேமராவின் தலையில் இருக்கிற சதுரக் கண்ணாடியில் பார்த்தேன். நேராக வந்தவன் உள்ளங்கையை லென்ஸுக்கு முன்னால் விரித்துவிட்டான். சிரிப்பு வேறு. "வேணாம் சார். படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிடும்னு எங்கம்மா சொல்லும். எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்குது" என்றான். கேமராவைத் தாழ்த்தினேன். ஆளுக்கொரு டீ குடித்தோம். அவன் போய்விட்டான். அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் அடித்த புயலில் அவன் மரம் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

அவன் மனைவி பூங்காவனம். புருஷன் போனபோது கைக்குழந்தைக்காரி. ரொம்ப நாள் கழித்து, அந்தப் பையனுக்குப் பேச்சு வந்த பிறகு, இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். "சார், நீங்க கடக்கரையில சும்மா சும்மா படம் புடிப்பீங்களாமே. அதுல எதுலயாச்சும் எங்க வூட்டுக்காரர் இருப்பாரா பாருங்க. கூட்டத்துல எங்கியாச்சும் ஓரமா நின்னிருந்தாக்கூடப் போதும்" என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நூறு முகம் இருக்கிற படத்தில் எனக்கே தெரியாமல் ஒரு முகம் இருக்கலாம் இல்லையா? டின்களை எடுத்துக் கொடுத்தேன். நெகடிவ் அளவுக்கே போட்ட சின்னச் சின்னப் பிரதிகள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வெறும் கையோடு போனாள், மறுபடி வந்தாள். ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "கொரல் இருக்குது சார், நடை இருக்குது, மொகம் மட்டும் வரமாட்டேங்குது. புள்ள கேக்குறான், நான் எதைச் சொல்றது?" என்று அழுதாள். என் படங்களைத் தேடி வந்த ஒரே மனுஷி அவள்தான். இத்தனை வருஷம் நான் அலைந்ததற்கு ஒரு அர்த்தம் வந்துவிடாதா என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

இப்போது உன் விஷயம். நீ சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ஆனித் திருமஞ்சனத்துக்கு, "படிக்க நிறைய இருக்கிறது, ஊருக்கு வர முடியாது" என்று எழுதியிருந்தாய். நான் உன்னிடம் சொல்லாமல் தேர் பார்க்க வந்தேன். தெற்கு வீதியில் ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்று வடம் இழுப்பவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் நீ வந்தாய். சட்டை இல்லை, தலையில் துண்டைக் கட்டியிருந்தாய். வீடுகளிலிருந்து ஊற்றிய தண்ணீரில் தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். எடுத்துவிட்டு, பஸ் ஏறிக் கடலூருக்கு வந்துவிட்டேன். தேர் கட்டத்துக்குள் இல்லை, கோபுரம் இல்லை. ஒரு கயிறு, அதைப் பிடித்திழுக்கிற நனைந்த ஆட்கள், நடுவில் நீ. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதுவும் அந்த டின்னில்தான் இருந்தது.

உனக்குப் புரிந்திருக்கும். பூங்காவனம் அந்தப் படத்தில் வந்து நின்றாள். நமக்கு அது தேர். கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வரிசையாக ஆட்கள் நனைந்துபோய் சட்டையில்லாமல் கயிறு இழுத்தால் அது கரைவலை, வேறென்ன? "இதான்! இதான் சார்! வலை இழுக்குறாரு பாருங்க. தலையில துண்டக் கட்டிக்கிட்டு, இப்டித்தான் சாஞ்சி நிப்பாரு!" என்று கத்தினாள். அப்படி இல்லையம்மா, இது சிதம்பரம், இது என் பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பையன் விரலைப் படத்தில் வைத்து "அப்பா" என்றான். அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் சொன்னான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீ மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டேன். கயிறும் கையும் தெரியட்டும் என்றாள், அதையும் விட்டுவைத்தேன்.

காயப்போட்டிருந்த படத்தை உன் அம்மா பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. "நம்ம புள்ளையாட்டம் இருக்குதே?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்குற புள்ளை படத்துக்கு மாலை போடுவாங்களே, அதுக்கா பெத்தேன்? அந்தப் பொண்ணு பாவம்தான், நான் இல்லேங்கல. நம்ம புள்ள என்னா பாவம் பண்ணுச்சி? குடுக்காதீங்க" என்றாள். மறுநாள் காலையில் நான் கடை திறப்பதற்கு முன்பே பூங்காவனம் வாசலில் நின்றாள், கையில் பூவோடு. கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து உன் அம்மா திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறித் திருவதிகைக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்கிறாள். கடிதத்தோடு விபூதிப் பொட்டலம் வருகிறதே, எதற்கு என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்குத்தான்.

அம்மாவின் தொல்லை தாங்காமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிப் படத்தைத் திருப்பி வாங்க தேவனாம்பட்டினம் போனேன். குடிசைக்குள் நடுக்கழியில் நீ தொங்கினாய். கண்ணாடியில் குங்குமப் பொட்டு, கனகாம்பர மாலை, கீழே அகல். சோறு பிசைந்துகொண்டிருந்த பையன் முதல் உருண்டையை உனக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். மோர் கொடுத்தாள், குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன். தேசிங்கின் தம்பி முருகையன் என் பின்னாலேயே மணலில் வந்தான்.

"சார், அது எங்கண்ணன் இல்ல" என்றான்.

"தெரியும்பா."

"தெரிஞ்சும் ஏன் சார் குடுத்தீங்க? எடுத்துக் கடாசிடலாம்னு நானும் ரெண்டு மூணு தடவ உள்ள போனேன். அண்ணி கும்புட்டுக்கிட்டு நிக்கும். அப்டியே நானும் பாத்துக்கிட்டு நிப்பேன். பாக்கப் பாக்க எங்கண்ணனாவே ஆயிடுது சார் அது. இப்பக் கண்ண மூடினா அந்தப் படந்தான் வருது. அந்தப் பொயல் அன்னிக்கு ஒரு நாளு தவிர தெனமும் ஒண்ணா ஒரே மரத்துல போனவன் நான். எங்கண்ணன் மொகம் எப்டி இருந்திச்சின்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல." என் கையைப் பிடித்தான். "நீங்க மொகத்தப் பாத்தே பொழைக்கிறவரு. அண்ணனோட டீ குடிச்சிருக்கீங்க. நீங்க சொல்லுங்க, எப்டி இருந்தாரு?"

நினைத்துப் பார்த்தேன். ஈர மணல் வந்தது, வலை வந்தது, லென்ஸுக்கு முன்னால் விரிந்த உள்ளங்கை ரேகையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த முகம் வரவில்லை. "கைதான்பா தெரியுது" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். படம் எடுத்து வைத்தால் முகம் நிலைக்கும் என்றுதான் இத்தனை காலம் எல்லாரிடமும் சொல்லி வியாபாரம் செய்தேன். நான் கொடுத்த படம் ஒரு மனுஷன் முகத்தை அவன் பெண்டாட்டியிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. கையைத் தூக்குகிறவனை எடுக்காதே என்றுதான் இப்போதும் உனக்குச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவன் கையை மீறி நான் எடுத்திருந்தால் அந்தப் பையனிடம் அவன் அப்பன் முகமே இருந்திருக்கும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சாகத்தான் போகிறேன்.

இனி உன் கல்யாணப் படக் கதைக்கு வருகிறேன். முகூர்த்தம் முடிந்து உன்னை மாலையும் கழுத்துமாக நிறுத்தினார்கள். நான் குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். சின்னச் சதுரத்துக்குள் நீ, கழுத்தில் மாலை, நெற்றியில் பொட்டு. உன் மாமனார் "சம்பந்தி, எடுங்க, எடுங்க" என்கிறார். எனக்குக் கை நிற்கவில்லை. உன் பக்கத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு உள்ளே அகல் எரிகிறது. ஒரு ரோல் முழுவதும் அப்படித்தான் எடுத்தேன். ஸ்டுடியோக்காரன் மகன் கல்யாணத்தில் ஒரு படம் உருப்படியில்லை என்று ஊர் சிரித்தது. காரணம் இப்போது உனக்குத் தெரிகிறது. உன் மனைவியிடம் சொல்லாதே. வயதாகிவிட்டது, அப்பாவுக்குக் கை நடுக்கம் என்று சொல்லிவிடு.

அதனால்தான் சொல்கிறேன், தேவனாம்பட்டினம் பக்கம் போகாதே. தலையில் துண்டோடு கேமராவோடு நீ அந்தக் கரையில் நடந்தால் பூங்காவனம் உன்னைப் பார்ப்பாள். கடலுக்குப் போனவன் திரும்பி வந்துவிட்டான் என்று ஓடி வருவாளா, இல்லை வேறு யாரையோ இத்தனை நாள் கும்பிட்டோம் என்று தெரிந்து அங்கேயே விழுந்துவிடுவாளா, இரண்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பையன் உன் காலைக் கட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்கிற உன் மனைவிக்கு நீ என்ன சொல்வாய்? உனக்குப் படம் எடுக்க இந்த ஜில்லா முழுக்கத் தெரு இருக்கிறது. பெண்ணாடத்துக்குப் போ, சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு ஏற்றின மாட்டுவண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. எடுத்ததை உடனே பிரதி போட்டுப் பார்க்காதே, ஒரு மாதம் கிடக்கட்டும். அதற்கப்புறம் பார்த்தால் எது குப்பை என்று தானே தெரியும், பெரும்பாலும் எல்லாம் குப்பையாக இருக்கும், அதற்காக நிறுத்திவிடாதே. ஒவ்வொரு சுருளின் மேலும் ஊர், தெரு, ஆள் யார் என்று எழுதி வை. நான் எழுதி வைக்கவில்லை.

பொங்கலுக்கு வாருங்கள். உன் அம்மா இப்போதே அரிசி சேர்க்கிறாள், ரேஷனில் ஒழுங்காகப் போடுவதில்லை. வந்ததும் கேமராவைப் பையிலேயே வைத்துவிடு, நானும் என்னுடையதை எடுக்கமாட்டேன். முன்பெல்லாம் உன்னை நினைத்தால் தொட்டிலில் கிடந்தவனும் பள்ளிக்கூடம் போக அழுதவனும் வருவார்கள். கொஞ்ச நாளாக யாரும் வருவதில்லை. அந்தக் குடிசையில் தொங்குகிறவன் மட்டும் மாலையோடு வருகிறான். நீ காலையில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து என் எதிரே கொஞ்ச நேரம் உட்கார். பேசவேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். உன் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா